கொடியைப் பறிப்பது கால்: மலையகப் பிள்ளைகளுக்கு ஃப்ளாக் ஃபுட்போல் தடுப்பாட்டம் பழக்குதல்

புதிதாக ஆட வந்த பிள்ளை, எதிரே ஓடிவருகிறவனின் கொடியைத் தவறவிட்டால், கிரவுண்ட் ஓரத்தில் நிற்கிற எல்லோரும் கையைத்தான் குறை சொல்வார்கள். "கைய நீட்டுறா!" என்று சத்தம் போடுவார்கள். அடுத்த முறை பிள்ளை கையை இன்னும் நீட்டும். உடம்பு முன்னால் சாயும், கால் பின்னால் தங்கிவிடும். ஓடிவந்தவன் அரை அடி விலகினாலே போதும், பிள்ளை புல்லில் குப்புற விழும். கை நீளுவதற்கு முன்பே, மூன்று மீட்டர் தூரத்திலேயே, காலில் அந்தப் பிழை நடந்து முடிந்துவிட்டது. தடுப்பாட்டம் பழக்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூன்று மீட்டரைத்தான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்கன் ஃபுட்போலில் ஆளைக் கட்டிப்பிடித்து விழுத்துவார்கள். ஃப்ளாக் ஃபுட்போலில் அது கிடையாது. ஒவ்வொருவர் இடுப்பிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொடிகள் தொங்கும். பந்து வைத்திருப்பவரின் கொடி ஒன்றை உருவினால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும். ஒரு பக்கத்துக்கு 5 பேர். தாக்கும் அணிக்கு நடுக்கோட்டைத் தாண்ட 4 வாய்ப்பு, தாண்டினால் கோல் எல்லைக்குள் போக இன்னும் 4 வாய்ப்பு. சர்வதேச விதியில் ஆடுகளம் 50 யார் நீளம், 25 யார் அகலம், இரு முனையிலும் 10 யார் எண்ட்ஸோன், அதாவது அந்தக் கோல் எல்லை. மீட்டரில் சொன்னால் நடுப்பகுதி ஏறக்குறைய 46க்கு 23. நம் தோட்டப் பாடசாலைக் கிரவுண்டுகளில் அவ்வளவு இடம் கிடைக்காது. 30க்கு 18 மீட்டரில் 4 பேருக்கு 4 பேர் ஆடினாலும் தடுப்பாட்டம் நன்றாகவே பழகும். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு இருக்கிறது. 2023 ஒக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு கிரிக்கெட்டைச் சேர்த்த அதே முடிவில்தான் இதையும் சேர்த்தது.

பந்தை எறிவதும் பிடிப்பதும் பார்க்க அழகு என்பதால் பயிற்சி நேரமெல்லாம் அதிலேயே கழிந்துவிடுகிறது. ஆனால் சின்ன வயசு ஆட்டங்களில் புள்ளி ஏறுவது பெரும்பாலும் நல்ல எறியால் அல்ல. கொடி பறிக்கத் தெரியாத நாலு பேரைத் தாண்டி ஒரு பிள்ளை ஓடிவிடும், அவ்வளவுதான். ஐம்பது நிமிடப் பயிற்சியில் இருபத்தைந்து நிமிடம் தடுப்பாட்டத்துக்குக் கொடுத்தால் அணி ஒரு தவணைக்குள் வேறு அணியாகிவிடும்.

கொடி, சட்டை, கால்

கொடியின் அளவு முக்கியம். 5 சென்ரிமீட்டர் அகலம், தொங்கும் பகுதி 38 சென்ரிமீட்டர். பெல்ட் வாங்க வசதி இல்லாவிட்டால் 4 சென்ரிமீட்டர் அகல இலாஸ்டிக்கில் இடுப்புப் பட்டி தைத்து, இரு பக்கமும் 8 சென்ரிமீட்டர் வெல்குரோவின் சொரசொரப்பான பகுதியைத் தையுங்கள். கொடியின் தலைப்பில் மெதுவான பகுதி. கொடிக்குப் பருத்தித் துணி வேண்டாம். மழையிலும் பனியிலும் தண்ணீர் குடித்துக் கனத்து, தொடையோடு ஒட்டிக்கொள்ளும், பிள்ளையின் விரல் அதைத் தேடித் தடவும். கிழிந்த குடைத்துணி மிக நல்லது. நம் பக்கத்தில் உடைந்த குடை இல்லாத வீடு எது? கறுப்புக் குடை மட்டும் ஆகாது. மூட்டம் இறங்கினால் மஞ்சளும் செம்மஞ்சளும்தான் தெரியும், பச்சையும் கடும் நீலமும் மறைந்துபோகும். காற்சட்டையின் நிறமும் கொடியின் நிறமும் வேறாக இருக்க வேண்டும்.

வெல்குரோவும் இல்லையென்றால் 48 சென்ரிமீட்டர் துண்டு வெட்டி, 10 சென்ரிமீட்டரை இடுப்பு வாரில் செருகலாம். சில பிள்ளைகள் கூடுதலாகச் செருகிக்கொண்டு குட்டி வாலோடு நிற்பார்கள். ஆட்டத்துக்கு முன் ஒரு குச்சியில் 38 அளவைக் குறித்து ஒவ்வொருவருக்கும் வைத்துப் பாருங்கள். முடிச்சுப் போட விடவே கூடாது. இழுக்கிற பிள்ளையின் விரல் மடங்கிவிடும்.

சட்டை உள்ளே செருகியிருக்க வேண்டும். பக்கப் பொக்கட் வைத்த காற்சட்டை ஆபத்து, கொடிக்குப் போகிற விரல் பொக்கட்டுக்குள் மாட்டும். வேறு காற்சட்டை இல்லாத பிள்ளைக்குப் பொக்கட் வாயை இரண்டு தையல் போட்டு மூடிவிடலாம். நகம் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எதிராளியைக் கீறிவிடும். வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். தோடு கழற்ற முடியாவிட்டால் மேலே பிளாஸ்டர். கோயிலில் கட்டிய கைநூலை வெட்டச் சொல்ல வேண்டாம், சுற்றி டேப் ஒட்டினால் போதும்.

சப்பாத்து இல்லாத பிள்ளைகள் செருப்போடு வருவார்கள். செருப்போடு ஓட விடாதீர்கள், வெறுங்கால் அதைவிடப் பாதுகாப்பு. ஆனால் முதலில் பெரிய பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, கிரவுண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்க வைத்துக் கல்லையும் போத்தல் துண்டையும் பொறுக்க வேண்டும். மானாப்புல் அடிக்கட்டை உள்ள இடத்தை ஆடுகளத்துக்குள் சேர்க்கவே வேண்டாம்.

அமெரிக்கப் பந்து கிடைக்காத இடத்தில் றக்பிப் பந்து போதும். தரவளையிலும் ரதெல்லவிலும் துரைமார் கிளப்புகள் றக்பி ஆடிய ஊர்கள் நம்முடையவை, கண்டியைக் கேட்கவே வேண்டாம். அந்தப் பந்து இங்கே அந்நியமில்லை. ஒன்பது வயதுக்குக் கீழே 3ஆம் இலக்கம், அதற்கு மேலே 4. தடுப்பாட்டப் பயிற்சியில் பாதிக்கு மேல் பந்தே தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மூன்று மீட்டர்

எதிராளியை நோக்கி முழு வேகத்தில் போக வேண்டும். அதில் தயக்கம் கூடாது. நின்ற இடத்தில் காத்திருக்கிற பிள்ளையைச் சுற்றிப்போக எதிராளிக்கு எவ்வளவு இடமும் நேரமும் உண்டு. ஆனால் மூன்று மீட்டர் நெருங்கியதும் அடியைச் சின்னதாக்க வேண்டும். நீளமான இரண்டு அடி வைக்கிற தூரத்தில் ஐந்தாறு சின்ன அடி. இடுப்பு கீழே இறங்கும், முழங்கால் மடங்கும், பாதங்கள் தோள் அகலத்துக்கு விரியும், பாரம் முன்பாதத்தில் நிற்கும், குதி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும். குனிவது முழங்காலால், இடுப்பை ஒடித்து அல்ல. முதுகு வளைந்தால் தலை முன்னால் வரும், இரண்டு தலை மோதுகிற விபத்து அப்படித்தான் நடக்கிறது.

இதைப் பழக்கக் கண்ணைவிடக் காது உதவும். 8 மீட்டர் ஓட்டம், 5 மீட்டரில் குறுக்கே ஒரு வரிசைச் செருப்பு. செருப்பு வரை சாதாரண ஓட்டம், தாண்டியதும் சின்ன அடி, எதிரே நிற்கிற கூட்டாளியின் ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். பிள்ளை ஓடும்போது நீங்கள் மறுபக்கம் திரும்பி நின்று சத்தத்தை மட்டும் கேளுங்கள். தப்பு மேளம் அடிக்கிறவர் ஆற அடித்துவந்து திடீரென்று அடியை நெருக்குவாரே, அந்த மாதிரி காலடிச் சத்தம் செருப்பு வரிசையில் மாற வேண்டும். மாறவில்லையென்றால் பிள்ளை சறுக்கித்தான் நிற்கிறது. தப்புச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் உடனே விளங்கும். "வேகத்தைக் குறை" என்று நூறு தரம் சொன்னாலும் விளங்காது, ஏனென்றால் குறை என்றால் பிள்ளை நின்றுவிடும். கால் ஓயவே கூடாது, அடிதான் சின்னதாக வேண்டும்.

கண் எங்கே? பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பார்கள், அல்லது பந்தை. கிரிக்கெட் ஆடிய கண் பந்தை விட்டு விலகாது. ஓடுகிறவன் தலையை ஒரு பக்கம் ஆட்டி, தோளை ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் போவான். இடுப்பை மட்டும் அப்படி ஏமாற்றி அனுப்ப முடியாது, உடம்பு போகிற பக்கம்தான் அதுவும் போகும். கொடியும் அங்கேதான் தொங்குகிறது. "மூஞ்சிய பாக்காத, இடுப்ப பாரு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பெல்ட்டின் நடுவில் ஒரு வெள்ளை டேப் ஒட்டிவிட்டால் சின்னப் பிள்ளைகளுக்குப் பார்வை நிற்க ஓர் இடம் கிடைக்கும்.

இப்போதுதான் கை. ஒரு பிள்ளை கொடி பறிப்பதைக் கிட்ட நின்று பாருங்கள். பழகாத கை மேலிருந்து கீழே வரும், பூச்சியை அடிப்பது போல. விரல்கள் கொடியின் நுனியைக் கிள்ளும். நுனிதான் அதிகமாக ஆடுகிற இடம், அதனால் ஒரு சென்ரிமீட்டர் துணி விரலிடுக்கில் வந்து வழுக்கிப் போகும். பழகிய கை இடுப்பு உயரத்திலேயே காத்திருக்கும், உள்ளங்கை முன்னால் பார்த்தபடி, பெருவிரல் மேலே. கொடி பட்டியோடு சேருகிற இடத்துக்கு அருகில், ஆடாத இடத்தில், ஐந்து விரலாலும் பொத்திப் பிடித்துக் கீழ்நோக்கி இழுக்கும். பக்கவாட்டில் இழுத்தால் பட்டியே சுழன்று எதிராளியின் முதுகுப் பக்கம் போய்விடும், கொடி கழராது.

எந்தக் கொடி? கிட்ட இருக்கிற கொடி. எந்தக் கை? அந்தக் கொடிக்குக் கிட்ட இருக்கிற கை, அதே பக்கக் காலும் கூடவே போக வேண்டும். வலது கைப் பழக்கம் உள்ள பிள்ளை, இடது பக்கம் போகிறவனைக்கூட வலது கையால் எட்டிப்பிடிக்கப் பார்க்கும். கை உடம்பைக் குறுக்கே தாண்டும்போது கால் பின்னிக்கொள்ளும். அதனால் இடது கையால் மட்டும் பறிக்கிற பயிற்சி தனியாக வேண்டும். நன்றாகப் பழகிய பிள்ளைகள் இரண்டு கையையும் இரண்டு கொடிக்கும் அனுப்புவார்கள், ஒன்று தவறினாலும் மற்றது கிடைக்கும்.

பழக்குகிற வரிசை இதுதான். முதலில் இருவர் எதிரெதிரே ஒரு கை தூரத்தில். கொடி கட்டியவர் அசையாமல் நிற்க, மற்றவர் குனிந்து, பிடித்து, இழுக்க வேண்டும். ஒவ்வொரு கைக்கும் பத்துத் தரம். பிறகு கொடிக்காரர் நடந்து வருவார். பிறகு மெதுவோட்டம். முழு ஓட்டம் இரண்டாம் கிழமைக்குத்தான். இதை அவசரப்படுத்துகிறவர்கள் ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் படிக்கே திரும்பி வர நேரிடும்.

அடுத்தது ஒடுக்கமான பாதை. 4 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். ஒரு முனையில் ஓடுகிறவர், மறுமுனையில் தடுப்பவர். கை தட்டியதும் இருவரும் புறப்பட வேண்டும். ஆளுக்கு ஐந்து தரம். ஐந்தில் மூன்றுக்கு மேல் தவறினால் அகலத்தை 3 மீட்டராக்குங்கள். ஐந்தையும் பறித்தால் 6 மீட்டர். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அகலம் வைப்பது சரியல்ல. தவறவிட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளை மூன்றாம் நாள் வராது.

கபடியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் பலருக்குக் கபடி கைவந்த விளையாட்டு. பக்கவாட்டில் கால் மாற்றுவதும், எதிராளி நெருங்கும்வரை பொறுப்பதும் அங்கிருந்து வருகிற நல்ல பழக்கம். ஆனால் கணுக்காலைப் பிடிப்பது, இடுப்பைக் கட்டுவது, கூட்டாளியோடு கைகோர்த்து மடக்குவது மூன்றும் இங்கே குற்றம். சட்டையைப் பிடித்து நிறுத்திக் கொடியை உருவுவதும், பந்தைத் தட்டிப் பறிப்பதும், பந்து இல்லாத ஆளின் கொடியை இழுப்பதும் அப்படியே. கபடிப் பிள்ளையை அதட்ட வேண்டாம். ஒடுக்கமான பாதைப் பயிற்சியில் இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு தேயிலை இலையைக் கொடுத்து, கொடிக்குக் கிட்ட போகும்வரை கசங்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். கை விரிந்து கட்டிப்பிடிக்கப் போகிற பழக்கம் தானாகக் குறையும்.

குறுக்குப் பாதை

பக்கவாட்டில் ஓடுகிறவனைப் பிடிக்கப் பிள்ளைகள் அவன் இப்போது நிற்கிற இடத்துக்கு ஓடுவார்கள். போய்ச் சேரும்போது அவன் அங்கே இருக்க மாட்டான். பிறகு பின்னாலேயே துரத்த வேண்டியதுதான், பின்னால் துரத்திப் பிடிப்பது வேகக்காரப் பிள்ளைக்கு மட்டும் முடிகிற காரியம்.

மலையகப் பிள்ளைக்கு இதை விளக்கப் பலகையும் படமும் வேண்டாம். பஸ் வளைந்து வளைந்து வீதியில் இறங்கும். பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளை வீதியில் அதன் பின்னால் ஓடுவதில்லை. தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கி, அடுத்த வளைவில் பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்கும். "குறுக்கால போ" என்றால் ஒரே சொல்லில் விளங்கிவிடும்.

பயிற்சிக்கு, ஓடுகிறவர் ஓரக்கோட்டை ஒட்டி 20 மீட்டர் ஓட வேண்டும். தடுப்பவர் கோட்டிலிருந்து 10 மீட்டர் உள்ளே, ஓடுகிறவரைவிட 5 மீட்டர் முன்னால். புறப்படும் முன்பு தடுப்பவர் "இங்கே பிடிப்பேன்" என்று விரலால் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும், அங்கே ஒரு செருப்பு வையுங்கள். முதல் நாள் செருப்பு எப்போதும் கிட்டத்தில்தான் விழும். நாலைந்து தரம் ஓடியபின் பிள்ளையே அதைத் தள்ளி வைக்கும். எதிராளியின் வேகத்துக்கு ஏற்றபடி இடம் மாறுகிறது என்பதை அது தானாகக் கண்டுபிடிக்கிற கணம் பார்க்கச் சந்தோஷமானது.

போய்ச் சேருகிற பக்கமும் முக்கியம். நேருக்கு நேர் போய் நின்றால் அவனுக்கு இரண்டு வழி. அரை அடி உள்பக்கம் தள்ளி, கிரவுண்டின் நடுவை அடைத்தபடி போனால் ஒரே வழிதான், அது ஓரக்கோடு. கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நிற்கும், ஆக கோடு நமக்கு இன்னொரு ஆள். இரண்டு பேர் சேர்ந்து போகும்போது இருவரும் ஒரே கொடிக்குப் பாய்ந்து முட்டிக்கொள்வது வழக்கம். "ஒருத்தன் மறி, ஒருத்தன் பறி." முதலில் போகிறவர் உள்பக்கத்தை அடைத்து அவனை மெதுவாக்க வேண்டும், கொடி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் அவர் வேலை முடிந்தது. இரண்டாமவர் மறுபக்கக் கொடிக்கு வர வேண்டும்.

ஓடுகிறவன் கையால் கொடியை மறைத்தாலோ, நம் கையைத் தட்டிவிட்டாலோ அது அவனுடைய குற்றம். பிள்ளைகள் உடனே நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கி நின்றுவிடுகிறார்கள். விசில் வரும்வரை பறிக்கிற வேலையை விடக்கூடாது. கொடி தானாக விழுந்துவிட்டால் பல விதிகளில் ஒரு கையால் தொட்டாலே ஆட்டம் நிற்கும், போட்டிக்கு முன் நடுவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பந்து காற்றில் வரும்போது

பந்து வாங்க ஓடுகிற ரிசீவரைக் காவல் காப்பதில் புதியவர்களுக்கு ஒரே ஒரு சட்டம் போதும்: அவர் உங்களுக்கும் எண்ட்ஸோனுக்கும் நடுவில் போகக் கூடாது. அதற்காக ஆட்டம் தொடங்கும்போது 4, 5 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் பிள்ளைக்குப் பெருமையாக இருக்கும், ஆனால் முதல் இரண்டு அடியிலேயே தாண்டிவிடுவார்கள். தொடங்கியதும் பின்னோக்கிச் சின்ன அடியில் போக வேண்டும், மூக்கு கால்விரலுக்கு மேலே இருக்கிற அளவுக்கு முன்சாய்வோடு. நிமிர்ந்து பின்னால் போனால் மல்லாக்க விழுவது உறுதி. ரிசீவர் இரண்டு மீட்டருக்குள் வந்ததும் அவர் போகிற பக்கம் இடுப்பைத் திருப்பிக் கூட ஓட வேண்டும். பின்னோக்கி ஓடி யாரும் முன்னோக்கி ஓடுகிறவரை வெல்ல முடியாது. திரும்பத் தயங்குவதால்தான் நீளமான பந்துகள் கைக்குப் போகின்றன.

வலைப்பந்து ஆடும் பெண்பிள்ளைகள் இதில் ஆண்பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறார்கள். அங்கே பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீட்டர் விலகி நிற்க வேண்டும், உடம்பில் முட்டாமல் பந்தை இடைமறிக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு இங்கே அப்படியே பயன்படும், ஏனென்றால் பந்து வருவதற்கு முன் ரிசீவரைத் தொட்டுத் தடுத்தால் குற்றம். கலந்து ஆடும் அணியில் பின்காவலுக்கு முதலில் வலைப்பந்துப் பிள்ளைகளை நிறுத்திப் பாருங்கள்.

பந்து வந்துவிட்டது, இனி என்ன? மூன்று வழி. இரண்டு கையும் எட்டுமென்றால் பிடிக்கலாம், பிடித்தவர் உடனே தாக்குகிறவராகி எதிர்ப்பக்கம் ஓடலாம். ஒரு கைதான் எட்டுமென்றால் நிலத்தை நோக்கித் தட்ட வேண்டும், மேல்நோக்கித் தட்டினால் அது எதிராளிக்குப் போகிற இரண்டாவது எறியாகிவிடும். அதுவும் எட்டாதென்றால் பந்தை மறந்து கொடிக்குப் போக வேண்டும், பந்து அவர் மார்பில் விழுந்து அடுத்த அடி வைக்கும் முன் பறித்தால் போதும். எட்டாத பந்துக்குப் பாய்ந்து விழுவதுதான் மிகப் பெரிய தவறு. மழை ஈரத்தில் பந்து சோப்புக் கட்டி மாதிரி, அன்றைக்குப் பிடிக்கிற யோசனையே வேண்டாம், தட்டுங்கள்.

பந்தை எறிகிற குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிறவரை ரஷர் என்கிறோம். அவர் ஆட்டம் தொடங்குகிற கோட்டிலிருந்து 7 யார், அதாவது ஏறக்குறைய 6.4 மீட்டர் பின்னால் நின்று புறப்பட வேண்டும். இளையோர் விதியில் எறிவதற்கு 7 விநாடி, குவாட்டர்பேக் தானே பந்தோடு அந்தக் கோட்டைத் தாண்டி ஓட முடியாது. ரஷர் அணியின் வேகக்காரப் பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை, பொறுமைக்காரப் பிள்ளை வேண்டும். எறியும் கைப்பக்க இடுப்பைக் குறிவைத்து வளைந்து போக வேண்டும். நேரே போனால் அவன் எந்தப் பக்கமும் நழுவுவான். கையை உயர்த்தி எறியை மறைக்கலாம், ஆனால் எறிகிற கையில் படக்கூடாது. குதித்து மறைக்கிற ஆசையைக் கட்டுப்படுத்துங்கள், குதித்தவர் இறங்கும்வரை கொடி பறிக்க முடியாது. பந்து இன்னொருவர் கைக்கு மாறிவிட்டால் எல்லோரும் கோட்டைத் தாண்டி வரலாம் என்பதைப் பிள்ளைகள் மறந்து, நின்ற இடத்திலேயே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "கை மாறிச்சு!" என்று முதலில் கண்டவர் கத்த வேண்டும்.

நிற்கிற ஒழுங்குக்குக் கிளித்தட்டு தெரிந்த பிள்ளைகளிடம் பாதி வேலை முடிந்திருக்கும். அவரவர் கோட்டை அவரவர் காப்பது போல இங்கே அவரவர் இடத்தைக் காக்க வேண்டும். ரஷர் ஒருவர், முன்னால் 5 மீட்டரில் இருவர், பின்னால் 12 மீட்டரில் இருவர். தொடங்க இது போதும். கிளித்தட்டில் கோட்டின் மேல் பக்கவாட்டில் மட்டும் ஓடலாம், இங்கே முன்னும் பின்னும் போக வேண்டும், அந்த வித்தியாசத்தை ஒருதரம் நடந்தே காட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் என்று பிரித்துக் காப்பது விளங்க இலகுதான், ஆனால் வேகம் குறைந்த பிள்ளை ஒன்று இருந்தால் எதிரணி அந்தப் பக்கத்தையே குடையும், அந்தப் பிள்ளை எல்லோர் முன்னாலும் குற்றவாளியாக நிற்கும். இடத்தைக் காப்பதில் அவ்வளவு தனிமை இல்லை. பயிற்சியில் ஆளுக்கு ஆள், போட்டியில் இடத்துக்கு ஆள் என்பது எங்கள் தெரிவு. இடம் காக்கும்போது வருகிற வியாதி, தன் இடத்துக்குள் வந்த ஆளைப் பார்க்காமல் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பது. "என் வீட்டுக்குள்ள யாரு?" என்று மூன்று விநாடிக்கு ஒருதரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கப் பழக்குங்கள்.

இளையோர் விதிகளில் நடுக்கோட்டுக்கும் எண்ட்ஸோனுக்கும் முந்திய 5 யார் பகுதியில் பந்தோடு ஓட முடியாது, எறியத்தான் வேண்டும். எதிரணி அந்தப் பகுதியிலிருந்து தொடங்கும்போது ஓட்டத்தை யோசிக்காமல் எல்லோரும் பந்து வாங்க வருகிறவர்களைப் பார்க்கலாம். பயிற்சியாளர் ஒரு சொல் வைத்துக்கொண்டு அதை ஓரத்திலிருந்து கூப்பிட்டால் போதும்.

சரிவும் மழையும்

முழுக்கச் சமதரையான கிரவுண்ட் நம் பக்கத்தில் அருமை. ஆடுகளத்தை மலைச் சரிவுக்குக் குறுக்கே, தேயிலைக் கான் (தண்ணீர் வடிகிற வாய்க்கால்) ஓடுகிற திசையில் நீளமாக அடையுங்கள். சரிவின் வழியே மேலும் கீழுமாக அடைத்தால் கீழே ஓடுகிற அணி நிற்க முடியாமல் ஓடும், தடுப்பவர் மீது விழும். குறுக்கே அடைத்தால் கீழ்ப்பக்க ஓரக்கோட்டில் ஒரு சிக்கல் உண்டு, எல்லாமே அங்கேதான் இறங்கும். அந்தக் கோட்டுக்கும் கானுக்கும் நடுவில் குறைந்தது 3 மீட்டர் வெறும் புல் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆடுகளத்தின் அகலத்தைக் குறையுங்கள். மேட்டுப் பக்கமிருந்து கீழே ஓடிப் பறிக்கப் போகிற பிள்ளைக்குச் சின்ன அடி மூன்று மீட்டரில் அல்ல, நாலு மீட்டரில் தொடங்க வேண்டும். ஈரத்தில் இன்னொரு அரை மீட்டர்.

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டுக் கடைசியில்தான் கனக்கும். பாடசாலை ஒன்றரைக்கு விட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு வரும்போது மூட்டமும் வந்துவிடும். பத்து மீட்டருக்கு அப்பால் கொடி நிறம் தெரியாவிட்டால் எறிகிற ஆட்டத்தை நிறுத்தி, ஒடுக்கமான பாதைப் பயிற்சிக்கு மாறுங்கள். மின்னலோ இடியோ என்றால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கிரவுண்ட் ஓரத்துச் சவுக்கு மரத்தடிக்கு அல்ல. அட்டைக்குப் பயந்து புல்லில் குனிய மறுக்கிற பிள்ளைகளும் உண்டு, பயிற்சிக்கு முன் கணுக்காலில் சவர்க்காரம் பூசிவிட்டால் தைரியம் வரும்.

பறித்த கொடியைத் தலைக்கு மேலே உயர்த்தி, பறித்த இடத்திலேயே நிற்க வேண்டும், நடுவர் பந்தை வைக்கிற இடம் அதுதான். வெற்றிக் களிப்பில் கொடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுகிற பிள்ளை தன் அணிக்கு இரண்டு மீட்டரை இழக்கிறது. பிறகு கொடியை நிலத்தில் போடாமல், உரியவரின் கையில் கொடுக்கப் பழக்குங்கள். அடுத்த ஆட்டம் பிந்தாமல் தொடங்கும், கொடி சேற்றில் மிதிபடாது. வீட்டுக்குப் போனதும் கொடிகளை அலசி அடுப்படிக் கொடியில் காயப்போட்டு, பட்டியின் வெல்குரோவில் சிக்கியிருக்கிற புல்லைப் பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு திசையாகத் தேய்த்து எடுக்க வேண்டும். புல் நிறைந்த வெல்குரோ பிடிக்காது. அடுத்த பயிற்சியில் யாரும் தொடாமலே கொடி விழும், தான்தான் பறித்ததாக ஒரு பிள்ளை நம்பிக்கொண்டிருக்கும்.